செய்வினை... யார் செய்தது?

அன்று அமாவாசை. கும்பகோணத்தை அடுத்த அய்யாவாடியில், மகா பிரத்யங்கிரா தேவியின் சந்நிதியில் நிகும்பலா யாகம் நடந்துகொண்டிருந்தது. மூட்டை மூட்டையாக மிளகாய் வற்றலை அக்னியில் சேர்க்கிறார்கள். நம் வீட்டு அடுப்பில் நாலு மிளகாய் கருகினாலே தெருவே இருமும். இங்கே நெடியே தெரிவதில்லை என்று பக்தர்கள் சிலிர்ப்போடு சொல்கிறார்கள்.

கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சென்னையிலிருந்து வேனில் வந்திருந்தார். கணவரின் வியாபாரம் படுத்துவிட்டது. பெண்ணுக்குப் பேசி முடித்த வரன் இரண்டு முறை தட்டிப்போய்விட்டது. கையில் எலுமிச்சம்பழ மாலையுடன் கண்மூடி வேண்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா... யார் செஞ்சாங்கன்னு இங்கே சொல்வாங்களா?"

"தெரிஞ்சா என்னம்மா பண்ணுவீங்க?" என்றேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். யாருன்னு தெரிஞ்சிட்டா மனசு ஆறிடும்." கொஞ்ச நேரம் அக்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஓரகத்திதான்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. மாடியிலதான் குடியிருக்கா. ரெண்டு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்லே" என்றார்.

அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே உண்மை. ஏனென்றால், அதே கேள்வியை ஒரு காலத்தில் எங்கள் வீடும் கேட்டது. பதிலும் கிடைத்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல!

முருங்கை மரத்தடியில் ஒரு தகடு

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு மூன்று. அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பிள்ளை இல்லை. தம்பி வளர்ந்ததே அத்தையின் இடுப்பில்தான். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் கல் உப்பு, மிளகாய், தெருமண் மூன்றையும் கைக்குள் மூடி அவனைச் சுற்றி அடுப்பில் போடுவதும் அத்தைதான்.

ஒருநாள் தம்பிக்கு வலிப்பு வந்தது. மறு வாரமும் வந்தது. யாரோ சொல்லி, ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தார்கள். அவர் கொல்லைப்புறத்தைச் சுற்றி வந்து முருங்கை மரத்தடியில் தோண்டச் சொன்னார். கறுப்புக் கயிறு சுற்றிய ஒரு செப்புத் தகடு வெளியே வந்தது. அம்மா அலறிவிட்டார்.

"பிள்ளை வாசனை அறியாதவ. உங்க வீட்டுச் சோத்தைத் திங்கறவ" என்றார் அவர்.

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அன்று இரவு தம்பியைத் தூக்க வந்த அத்தையின் கையை அம்மா விலக்கினார். மறுநாள் காலை அத்தை தன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தூரத்து உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

தகடு ஆற்றில் விடப்பட்டது. வலிப்பு நிற்கவில்லை. ஒரு வருடம் கழித்து அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். சில வருடங்கள் விடாமல் சாப்பிட்டதில் தம்பி பூரணமாகக் குணமடைந்தான். நோய் போய்விட்டது. ஆனால், அத்தை திரும்பி வரவில்லை.

அந்தத் தகடு அங்கே எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தோண்டியவரே கையோடு கொண்டு வந்திருக்கலாம் என்று எங்களுக்கு அப்போது தோன்றவே இல்லை.

திருஷ்டிக்குப் பெயர் இல்லை!

'அப்படியானால் திருஷ்டி கழிப்பது, எலுமிச்சம்பழம் கட்டுவது, பூசணிக்காய் உடைப்பது எல்லாமே மூட நம்பிக்கையா?' என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் அடிக்கடி தாண்டிவிடுகிறோம்.

பாட்டிமார்கள் திருஷ்டி சுற்றும்போது முணுமுணுப்பதை உன்னிப்பாகக் கேட்டிருக்கிறீர்களா? ஊரார் கண், உறவினர் கண், வந்தவர் கண், போனவர் கண் என்று ஒரு பட்டியல் நீளும். அதில் யாருடைய பெயரும் இருக்காது. அதைவிட அழகு என்ன தெரியுமா? பல வீடுகளில் அந்தப் பட்டியலில் பெற்ற தாயின் கண்ணும் உண்டு! 'தாய்க் கண்தான் முதல் திருஷ்டி' என்று பெரியவர்கள் சொல்வார்கள். பால் குடிக்கும் குழந்தையை ஆசையோடு பார்த்துப் பூரிக்கும் தாயையும் அந்தச் சடங்கு விட்டுவைப்பதில்லை. அவளே சுற்றிப் போடுகிறாள்; தன் கண்ணையும் சேர்த்தே கழிக்கிறாள்.

என்ன ஒரு பக்குவம்! 'கெடுதல் எங்கோ வெளியே, யாரோ ஒருத்தியிடம் இருக்கிறது' என்று அந்தச் சடங்கு சொல்லவில்லை. 'எல்லோர் கண்ணிலும் இருக்கலாம்; என் கண்ணிலும் இருக்கலாம். எல்லாம் போகட்டும், பிள்ளை நன்றாக இருக்கட்டும்' என்கிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281-ஆம் பாட்டைக் கல்லூரியில் படித்தபோது வியந்துபோனேன். போரில் விழுப்புண் பட்ட வீரன் வீட்டில் கிடக்கிறான். அவன் மனைவி தோழியை அழைக்கிறாள். வேப்பிலை செருகி, ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகைத் தூவி, மணி அடித்து, நறும்புகை காட்டி அவன் புண்ணைக் காப்போம் வா என்கிறாள். வேப்பிலையும் கடுகும் புகையும் இன்றைக்கும் நம் வீட்டில் இருப்பவைதானே? அந்தப் பெண் 'காப்போம்' என்றுதான் சொல்கிறாள். தன் கணவனை வெட்டிய பகைவனைச் சபிக்கும் ஒரு சொல்கூட அந்தப் பாட்டில் இல்லை.

ஆக, காப்பு என்பது அன்பின் வேலை. அதில் 'யார்?' என்ற கேள்விக்கு இடமில்லை. செய்வினை என்று சொல்லத் தொடங்கியதும் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துவிடுகிறது. செய்வினை என்றால் செய்தவர் ஒருவர் வேண்டுமே!

பெயரைக் கொடுப்பது யார்?

குறி சொல்கிறவர்கள் பலர் பெயரைச் சொல்வதே இல்லை. 'தெற்குத் திசையில் இருக்கிறவள்', 'ரத்த சம்பந்தம்', 'கூடவே இருந்து குழி பறிப்பவள்' என்று ஓர் அச்சைத்தான் கொடுக்கிறார்கள். அதில் முகத்தை வார்ப்பது நாம். சீர்வரிசையில் வந்த மனத்தாங்கல், சொத்துப் பிரித்தபோது பேசிய ஒரு சொல், வளைகாப்புக்கு வராமல் போனது... உள்ளே ஏற்கெனவே புகைந்துகொண்டிருப்பதெல்லாம் அந்த அச்சுக்குள் ஓடி நிரம்பிவிடுகிறது. அய்யாவாடியில் நான் பார்த்த அம்மாவுக்கு யாரும் பெயர் சொல்லவில்லை. அவரே வைத்திருந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முகம் பெரும்பாலும் யாருடையது? விதவை, பிள்ளையில்லாதவள், தனியாக இருப்பவள், வயதானவள். கேட்க நாதியில்லாத ஒரு பெண்ணுடையது! பணமும் பலமும் உள்ள ஒருவரை நோக்கி அந்த விரல் நீள்வது அபூர்வம்.

வீட்டுக்குள் இது மனக்கசப்போடு முடிகிறது. நம் நாட்டின் வேறு பகுதிகளிலோ உயிரையே வாங்குகிறது. சூனியக்காரி என்ற சந்தேகத்தால் நடக்கும் கொலைகளைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தனியாகவே கணக்கெடுக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் அப்படி மாண்டவர்கள் 85 பேர்.

அசாம் மாநிலம் கோல்பாரா மாவட்டத்தில் பிருபாலா ராபா என்றொரு தாய் இருந்தார். 1980-களில் அவருடைய மூத்த மகன் நோயில் விழுந்தான். கிராமத்து மந்திரவாதியிடம் அழைத்துப் போனார். மகனை ஒரு மோகினி பிடித்திருக்கிறது, அவன் சில நாட்களில் இறந்துவிடுவான் என்று நாள் குறித்துச் சொல்லிவிட்டார் மந்திரவாதி. பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! ஆனால், குறித்த நாள் வந்தது, போனது. மகன் உயிரோடு இருந்தான்.

அந்த ஏழைத் தாய் அன்று யோசித்தார். 'என் மகன் விஷயத்தில் சொன்னது பொய் என்றால், ஊரில் இத்தனை பெண்களைச் சூனியக்காரி என்று இவர்கள் சொன்னதும் பொய்தானே?' அன்று தொடங்கி, சூனியக்காரி என்று பட்டம் கட்டப்பட்ட பெண்களுக்காகக் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசினார். அவரையே சூனியக்காரி என்றார்கள். ஊரை விட்டு ஒதுக்கினார்கள். அவர் ஓயவில்லை. 2015-இல் அசாம் சட்டமன்றம் இந்தக் கொடுமைக்கு எதிராகத் தனிச் சட்டம் நிறைவேற்றியதில் அவருடைய போராட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2024 மே மாதம் காலமானார்.

அதே 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற இன்னொருவர் ஜார்க்கண்டின் சுட்னி தேவி. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனதற்காக 1995-இல் இவரைச் சூனியக்காரி என்று சொல்லி அடித்துத் துன்புறுத்தினார்கள். தப்பி ஓடிப் பிழைத்தவர், இன்று தன்னைப் போன்ற பெண்களுக்கு அரணாக நிற்கிறார்.

இந்தக் கதைகளைப் படித்தபோது எனக்கு அத்தையின் நினைவுதான் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் அடிக்கவில்லை. ஆனால், அவரை வெளியே அனுப்பியது அதே கேள்விதான்; அதே பதில்தான்.

ஏவியதெல்லாம் ஆபரணம்

சரி, ஒருவர் நமக்குக் கெடுதல் செய்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன செய்வது? இதற்கு நம் புராணத்திலேயே அருமையான விடை இருக்கிறது.

தாருகாவனத்து முனிவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். வேள்வியும் தவமுமே போதும், ஈசன் வேண்டாம் என்ற ஆணவம் அவர்களுக்கு. பிட்சாடனராக வந்த சிவபெருமான் மீது பொறாமையும் கோபமும் கொண்டு அபிசார வேள்வி நடத்தினார்கள். பிறரைக் கெடுப்பதற்காகச் செய்யும் வேள்வி அது. இன்றைய பேச்சில் சொன்னால், சாட்சாத் செய்வினை! கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் இதை விரிவாகச் சொல்கிறது.

வேள்வியிலிருந்து புலி பாய்ந்தது. ஈசன் அதன் தோலை உடுத்திக்கொண்டார். பாம்புகள் சீறின. அணிகலனாகப் பூண்டார். மான் வந்தது, கையில் ஏந்தினார். தீயை ஏவினார்கள், அதையும் ஏந்தினார். முயலகன் வந்தான், காலடியில் இருத்தினார். மதயானை வந்தது, உரித்துப் போர்த்திக்கொண்டார். இந்த யானையை உரித்த தலம்தான் மயிலாடுதுறையை அடுத்த வழுவூர். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. அங்குள்ள கஜசம்ஹார மூர்த்தியின் அழகைக் காணக் கண் கோடி வேண்டும்.

இனி நடராஜரைத் தரிசிக்கும்போது நிதானமாகப் பாருங்கள். கையில் தீ, மேனியில் பாம்பு, இடையில் புலித்தோல், காலடியில் முயலகன். அத்தனையும் அவர்மீது ஏவப்பட்டவை. தோற்றுப்போன ஒரு செய்வினையைத்தான் அவர் ஆபரணமாக அணிந்துகொண்டு ஆடுகிறார்!

ஏவியவர் யார் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் மீது அவர் எதையும் திருப்பி ஏவவில்லை. வந்ததைத் தாங்கினார், மாற்றினார், ஆடினார். அதைக் கண்ட முனிவர்கள் ஆணவம் அடங்கிப் பணிந்தார்கள்.

'அவர் கடவுள், நாம் மனிதர்கள்' என்று தோன்றலாம். நியாயம்தான். ஆனால், அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நமக்கு வேறு யார் முகவரி எதற்கு? ஒருத்தி நிஜமாகவே நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்டாலும், பொறாமை உள்ளவர்களுக்கு வேறு பகை வேண்டாம், அந்தப் பொறாமையே போதும் என்று வள்ளுவர் அழுக்காறாமை அதிகாரத்தில் சொல்லிவிட்டார். அவளுடைய கணக்கை எழுத நாம் யார்?

இலக்கணத்தில் ஒரு பாடம்

'செய்வினை' என்ற சொல்லை இலக்கண வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 'கண்ணன் பந்தை எறிந்தான்' என்றால் செய்வினை. 'பந்து கண்ணனால் எறியப்பட்டது' என்றால் செயப்பாட்டுவினை. ஒன்றில் எழுவாய் செய்கிறது. மற்றொன்றில் எழுவாய்க்குச் செய்யப்படுகிறது.

கஷ்டம் வரும்போது நாம் எல்லோரும் செயப்பாட்டுவினையில்தான் பேசுகிறோம். 'எனக்குச் செய்யப்பட்டுவிட்டது' என்கிறோம். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வியாபாரத்தில் போட்ட தப்புக் கணக்கையோ, பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்பதையோ பார்க்க வேண்டாமே!

ஆனால், 'அவள்தான் செய்தாள்' என்று மனதுக்குள் ஒரு பெயரைச் சொல்லிவிட்ட மறு நொடியில் இலக்கணம் மாறிவிடுகிறது. இப்போது செய்கிறவர் நாம். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கிறோம். அவள் கொடுத்த பண்டத்தைக் குழந்தை கையிலிருந்து பிடுங்குகிறோம். அவள் வரும்போது கதவைச் சாத்துகிறோம். அவள் தகடு புதைத்தாளோ இல்லையோ, நாம் ஓர் உறவையே உயிரோடு புதைத்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் நிச்சயமாக நடந்த செய்வினை ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தவர்கள் நாங்கள்!

அதனால், தோழிகளே...

திருஷ்டி சுற்றிப் போடுங்கள். வாசலில் மாவிலை கட்டுங்கள். அய்யாவாடிக்கும் திருபுவனம் சரபேஸ்வரர் சந்நிதிக்கும் போய், 'தாயே, அப்பனே, காப்பாற்று' என்று மனமுருக வேண்டுங்கள். காப்புக் கேளுங்கள், பெயர் கேட்காதீர்கள். யாராவது பெயரோ, அங்க அடையாளமோ, திசையோ சொல்லத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நோய் என்றால் மருத்துவரிடம் போங்கள். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றம் என்கிறது. மனநோயைப் பேய் என்று நினைத்துச் சங்கிலியில் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் பார்த்தோம். காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல், 28 உயிர்கள் கருகின. பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல. மனம் கலங்கியவர்கள் ஒரு மண்டலம் தங்கி வழிபடும் குணசீலத்தில், பெருமாளின் தீர்த்தமும் உண்டு. மனநல மருத்துவமும் உண்டு.

மனதில் ஒரு பெயர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணம் பாயசத்தோடு அந்த வீட்டுப் படியேறுங்கள். அந்தப் படிகள் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு அதில் ஏற இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

சில வருடங்களுக்கு முன் தம்பிக்குக் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் நேரில் போய் அத்தையை அழைத்து வந்தார்கள். எழுபது வயது அத்தை, மண்டபத்தில் கடைசித் தூணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மணமக்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரவு வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறையிலிருந்து கல் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து அத்தையின் கையில் கொடுத்தார். அத்தை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. என் கண்ணு நல்ல கண்ணு இல்லே."

எங்கள் நெஞ்சில் அறைந்தது போலிருந்தது. நாங்கள் சொன்னதை இத்தனை வருடங்களில் அவரே நம்பிவிட்டிருந்தார்.

அம்மா அழுதுகொண்டே, "அண்ணி, அவனுக்கு எப்பவும் நீங்கதானே சுத்திப் போடுவீங்க" என்று அந்தக் கையைப் பிடித்து விரித்து, உப்பையும் மிளகாயையும் வைத்து மூடினார்.

நடுங்கும் கையால் அத்தை மூன்று முறை சுற்றினார். தணலில் போட்டார். மிளகாய் படபடவென்று வெடித்தது. அடுத்த நிமிடம் நெடி ஏறி மாப்பிள்ளை, பெண், அப்பா, நான் என்று வீடே இருமித் தீர்த்தது. கண்ணில் வழிந்தது நெடியாலா, வேறு எதனாலா என்று யாருக்கும் தெரியவில்லை.

நெடி வந்தால் என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். திருஷ்டியே இல்லை என்று அர்த்தம்!